‘ட்ரான் டு லைஃப்’ பார்க்கக் கிளம்பும் முன் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஆர்லாண்டோ போகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: “அந்த சர்க்கஸ் ஷோ பார்க்கலாமா, காசுக்கு வொர்த்தா?” நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை ஏதோ பார்த்தோம் என்று வந்தோம். இரண்டாவது முறை ரசித்துப் பார்த்தேன். மூன்றாவது முறை அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன், அந்த முறைதான் உண்மையிலேயே பார்த்தோம் என்று சொல்வேன். இடையில் ஷோ பெரிதாக மாறிவிடவில்லை. கையால் வரையும் அனிமேஷன் எப்படி வேலை செய்கிறது என்று போவதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் டிக்கெட், பார்க்கிங் எல்லாம் உண்டு என்றாலும் பாதிக்கு மேல் வேறு விஷயம்தான், அவசரக்காரர்கள் நடுவில் இருக்கும் சீட் பகுதிக்குத் தாவிவிடலாம்.

முதலில், இது என்ன ஷோ

கனடாவின் கியூபெக்கில் 1984-இல் தெருக்கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய சர்க் டு சொலேய் நிறுவனமும் டிஸ்னியும் சேர்ந்து நடத்தும் மேடை நிகழ்ச்சி. ஃபுளோரிடாவில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியின் மேற்குக் கோடியில், வெள்ளைக் கூடாரம் மாதிரி உயரமாக நிற்கும் கட்டடத்தில் நடக்கிறது. அதே அரங்கில் ‘லா நூபா’ என்ற ஷோ 1998 முதல் 2017 டிசம்பர் 31 வரை ஓடியது. அது முடிந்ததும் இதைத் தயார் செய்தார்கள். 2020 மார்ச்சில் முன்னோட்டக் காட்சிகள், ஏப்ரல் 17-ஆம் தேதி அரங்கேற்றம் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த மார்ச்சில் உலகம் முழுக்க என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சர்க் டு சொலேய் அந்த வருடம் ஜூனில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போகிற அளவுக்கு நிலைமை மோசமானது. கடைசியில் 2021 நவம்பர் 18 அன்றுதான் திரை விலகியது.

கதை எளிது. ஜூலி என்று ஒரு பெண். அப்பா அனிமேஷன் வரைபவர், இறந்துவிட்டார். மகளுக்கு அவர் விட்டுப்போனது முடிக்காத ஓர் அனிமேஷன். அதை முடிக்க அவள் அவருடைய மேஜைக்குள்ளேயே, படங்களின் உலகத்துக்குள் போகிறாள். கூடவே வருவது பென்சிலுக்கே உயிர் வந்த ‘மிஸ்டர் பென்சில்’. எதிரி ‘மிஸ் ஹெசிடேஷன்’, நம்ம பாஷையில் சொன்னால் தயக்கம்தான் வில்லி! வெள்ளைத் தாளுக்கு முன்னால் பென்சிலோடு உட்கார்ந்த யாருக்கும் அவளைத் தெரிந்திருக்கும். எழுதி இயக்கியவர் மிஷெல் லப்ரீஸ், இசை பெனுவா ஜூத்ரா (லா நூபாவுக்கும் இவர்தான்). 1992-இல் வந்த ‘அலாதீன்’ படத்தின் பூதத்தை வரைந்தாரே எரிக் கோல்ட்பெர்க், அவர் இந்த மேடைக்கென்றே புதிதாக வரைந்து கொடுத்திருக்கிறார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிக்கி வேஷம் போட்டவர்கள் வந்து கை குலுக்குவார்கள் என்று குழந்தையிடம் சொல்லி அழைத்துப்போகாதீர்கள். டிஸ்னி பாத்திரங்கள் படங்களாக, கோடுகளாக வந்து போகும். மேடையில் இருப்பதெல்லாம் மனித உடம்பு. வசனம் மிகக் குறைவு, அதனால் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் ஒரு தடையே இல்லை.

போவதற்கு ஒரு வாரம் முன்: ஃபிளிப் புக் செய்வது

ஃபிளிப் புக் என்றால் தாள்களை விரலால் சரசரவென்று புரட்டும்போது படம் அசைவது மாதிரி தெரியும் குட்டிப் புத்தகம். இதைத் தவிர்க்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் ஒரு மாலைப்பொழுது ஜாலியாகப் போகும், இல்லையென்றாலும் நீங்களே செய்யுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை.

ஒட்டும் குறிப்புத் தாள் (ஸ்டிக்கி நோட்) கட்டு ஒன்று போதும், 24 தாள். கடைசித் தாளில் 1-ஆவது படத்தை வரைந்துவிட்டு அதன்மேல் அடுத்த தாளை விடுங்கள். கீழே இருக்கும் கோடு லேசாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். ஸ்டுடியோக்களில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்த மேஜையில் செய்வதும் இதுதான், தாள் நகராமல் இருக்க ஓட்டை போட்டு முளையில் மாட்டியிருப்பார்கள்.

ஒரு பந்து மேலிருந்து விழுந்து எம்பட்டும். எல்லாத் தாளையும் வரிசையாக வரைந்துகொண்டு போகாதீர்கள். முதலில் மூன்று படம் மட்டும்: 1-இல் பந்து உச்சியில், 12-இல் தரையில், 24-இல் மறுபடி உச்சியில். இவைதான் முக்கியப் படங்கள். பெரிய ஸ்டுடியோவில் மூத்தவர்கள் இவற்றை வரைந்து கொடுப்பார்கள், இடைப்பட்டதை உதவியாளர்கள் நிரப்புவார்கள்.

இப்போதுதான் விஷயமே வருகிறது. 1-க்கும் 12-க்கும் இடையில் உள்ள பத்துப் படங்களை ஒரே சீரான இடைவெளியில் வரைந்து புரட்டிப் பாருங்கள், பந்து லிஃப்ட்டில் இறங்குவது மாதிரி இருக்கும். அதையே உச்சிக்கு அருகில் நெருக்கி நெருக்கியும், தரைக்கு அருகில் தள்ளித் தள்ளியும் வரையுங்கள். தாள்களில் பாதி முடியும்போது பந்து கால்பங்கு தூரம்தான் இறங்கியிருக்க வேண்டும். புரட்டினால் பந்துக்குக் கனம் வந்துவிடும். அப்புறம் 12-ஆவது தாளில் அதைக் கொஞ்சம் தட்டையாக, தோசைக்கல்லில் அமுக்கின மாதிரி நசுக்குங்கள், அதற்கு முந்தின தாளில் கொஞ்சம் நீட்டி விடுங்கள். ரப்பர் பந்து ஆகிவிடும். என் மகள் இதைச் செய்து முடித்ததும் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படங்கள் ஓடும். பெரும்பாலும் வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், ஆக விநாடிக்கு 12 படம். இந்த ஷோ 90 நிமிடம், இடைவேளை கிடையாது. அதே 90 நிமிடத்தைக் கையால் வரைய வேண்டுமென்றால் ஒரே ஓர் உருவத்துக்கே 64,800 படம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அரங்கில் உட்காருங்கள்.

டிக்கெட்டும் சீட்டும்

டிஸ்னி பூங்கா டிக்கெட் இதற்குத் தேவையில்லை. இது தனி டிக்கெட். நாளுக்கு நாள், சீட்டுக்கு சீட் விலை மாறும், பள்ளி விடுமுறையில் ஏறும். மாலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு காட்சி இருப்பது வழக்கம், எல்லா நாளும் கிடையாது. அதனால் ஹோட்டல் போடுவதற்கு முன்பே காட்சி இருக்கும் நாளைப் பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் மாலைக் காட்சிதான் புத்திசாலித்தனம். இரவுக் காட்சியில் பாதியில் தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் வரை நடந்த அனுபவம் எனக்கு உண்டு.

சீட் விஷயத்தில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். முதல் முறை ஆசைப்பட்டு மேடைக்கு மிக அருகில், ஓரமாக இருந்த சீட்டை வாங்கினேன். கலைஞர்களின் வியர்வை தெரிந்தது, உண்மைதான், ஆனால் முழுப் படமும் தெரியவில்லை. இந்த மேடையே ஒரு பெரிய வரைபடத் தாள் மாதிரி அமைத்தது. பின்னால் படங்கள் ஓடும், மேலே ஆட்கள் பறப்பார்கள், எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஃபிரேம். ஓரத்தில் உட்கார்ந்தால் பின்னணி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் பிரிந்து தெரியும், போதாக்குறைக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. நடுப்பகுதி, கொஞ்சம் மேல் வரிசை. விலை ஒன்றாக இருந்தால் முன்வரிசை ஓரத்தைவிடப் பின்வரிசை நடுவே மேல்.

போய்ச் சேருவது

டிஸ்னி ஸ்பிரிங்ஸில் பார்க்கிங் இலவசம். எலுமிச்சை, ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் என்று கனிகளின் பெயரில் கராஜ்கள் இருக்கும், அரங்குக்குப் பக்கம் ஆரஞ்சு. நாங்கள் டாம்பாவிலிருந்து ஐ-4 சாலையில் வருகிறோம், சனிக்கிழமை மாலை அந்தச் சாலையை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்துவிடுவது மாதிரி கிளம்புங்கள், சாப்பிடவும் நேரம் கிடைக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பஸ் இருக்கிறது. கோடை மதியங்களில் இடி மழை சொல்லாமல் கொட்டும், குடை வேண்டும். உள்ளே ஏசி குளிரும், பெரியவர்களுக்கு ஒரு சால்வை.

உட்கார்ந்த பிறகு: எதைப் பார்ப்பது

இந்தப் பகுதிக்காகத்தான் மற்ற எல்லாமே.

மேடையும் வரைபடமும் சேருவது புதிதல்ல. 1914-இல் வின்சர் மெக்கே என்ற கார்ட்டூன் கலைஞர், தான் கையால் வரைந்த ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை நாடகக் கொட்டகைகளில் திரையில் ஓடவிட்டு, தான் பக்கத்தில் நின்று சாட்டையோடு அதற்குக் கட்டளை போடுவார். ஆப்பிளைத் திரைப் பக்கம் எறிவது மாதிரி பாவனை காட்டுவார், திரையில் கெர்ட்டி அதைக் கவ்விக்கொள்ளும். முடிவில் அவரே திரைக்குப் பின்னால் போய் மறைவார், அதே நொடியில் படத்துக்குள் வரைந்த மெக்கே தோன்றி டைனோசரின் மேல் ஏறிப் போய்விடுவார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஜூலி மேஜைக்குள் போவதும் அதே வித்தைதான்.

அப்புறம் காலம் மாறியது. 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக டிஸ்னியில் மார்ஜ் என்ற இளம் நடனப் பெண்ணை ஆடவைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்து அசைவுகளை வரைந்தார்கள். உடம்பிடமிருந்து கோடு கற்றுக்கொண்டது. கற்றதைச் சும்மா நகலெடுக்காமல், கொஞ்சம் கூட்டிக் குறைத்து, 12 விதிகளாகவே வகுத்து வைத்தார்கள், டிஸ்னியின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் புத்தகமாகவும் எழுதிவிட்டார்கள். இந்த ஷோவில் நடப்பது அதற்கு நேர் எதிர். கோடு தான் வாங்கினதை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஊசல் கம்பங்களில் தொடங்குங்கள். உயரமான கம்பங்களைக் கலைஞர்கள் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்வார்கள். கழைக்கூத்தாடி கம்பத்தில் ஏறுவதைப் பார்த்த கண்ணுக்குக் கம்பம் ஒன்றும் ஆச்சரியமில்லை, ஆனால் இங்கே கம்பத்தைப் பார்க்காமல் ஒரே ஒருவருடைய தலையை மட்டும் பாருங்கள். மடியில் இருக்கும் விரலால் அந்தத் தலை போகும் வழியை வரைந்துகொண்டே வாருங்கள். நேர்கோடே வராது, வளைவுதான் வரும். உயிருள்ள எதுவும் வளைவில்தான் அசையும், இயந்திரம்தான் நேர்கோட்டில் போகும் என்பது அனிமேஷன்காரர்களின் பழைய பாடம். வளைவின் இரண்டு முனையிலும் தலை ஒரு கணம் தயங்குவதையும் கவனியுங்கள். உங்கள் ஃபிளிப் புக்கில் உச்சிக்குப் பக்கத்தில் நெருக்கி வரைந்தீர்களே, அந்தத் தாள்கள்தான் இவை.

தலைமுடியில் தொங்கும் காட்சி வரும்போது அரங்கமே மூச்சைப் பிடிக்கும். என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “முடியிலயாடீ தொங்குறா?” என்று காதில் கேட்டுவிட்டு, இன்னொரு கையால் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு மேடையைவிட அந்தக் கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. விஷயம் இதுதான்: ஒரு முடி ஏறக்குறைய 100 கிராம் தாங்கும், தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. முடியை நனைத்து, வழுக்காமல் இறுக்கிப் பின்னி, வளையத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். எடை எல்லா முடிக்கும் பிரிந்துவிடும், ஒரு கொத்து மட்டும் அதிகம் இழுத்தால்தான் ஆபத்து. முடி தாங்கிவிடும், தாங்க வேண்டியது தலைத்தோல், அதற்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். இதில் அனிமேஷன் எங்கே என்றால், துணியைப் பாருங்கள். உடம்பு திரும்பி நின்ற பிறகும் உடையின் நுனி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத்தான் வந்து சேரும். வரையும்போது இதை விட்டுவிட்டால் உருவம் மரப்பாச்சி ஆகிவிடும். கைகள் இரண்டும் சும்மா இருப்பதால் இந்த நுனி அசைவுகள் அவ்வளவு சுத்தமாகத் தெரிவது இந்தக் காட்சியில்தான்.

கடைசியில் ஊஞ்சல். எதிரெதிராக இரண்டு பெரிய மேடை ஊஞ்சல்கள், ஒன்றிலிருந்து வீசப்படுபவர் அந்தரத்தில் கரணம் போட்டு மற்றதில் போய் இறங்குவார். எல்லோரும் பறப்பவரையே பார்ப்பார்கள். ஒரு முறையாவது நீங்கள் ஊஞ்சலில் பின்னால் நின்று தள்ளுபவர்களைப் பாருங்கள். பாய்வதற்கு முன் ஒரு பதுங்கல் இருக்கிறது, முழங்கால் மடிவது, தோள் இறங்குவது. பதுங்குவது புலிக்கு மட்டுமில்லை, வரைந்த எலிக்கும் உண்டு. அந்தப் பதுங்கலைக் காட்டாமல் பாய்ச்சலை மட்டும் வரைந்தால் பார்ப்பவரின் கண் தவறவிட்டுவிடும்.

அடுத்த முறை பறக்கும்போது ஆளையே பாருங்கள், உச்சியில். கணக்கு சொல்கிறேன். உச்சியிலிருந்து ஒரு விநாடி விழுந்தால் ஏறக்குறைய 5 மீட்டர், அது 24 ஃபிரேம். அதில் முதல் 6 ஃபிரேமில் அவர் இறங்குவது வெறும் 30 சென்டிமீட்டர், கடைசி 6 ஃபிரேமில் இரண்டு மீட்டருக்கும் மேல். ஏறும்போதும் இதே கதைதான். ஆக, உச்சியைச் சுற்றி அரை விநாடி நேரம் ஆள் அந்தரத்தில் ஒட்டிவைத்த மாதிரி நிற்பார். அது பிரமை இல்லை, நிஜமாகவே அங்கே அதிக நேரம் இருக்கிறார். கரணத்தைச் செய்துமுடிக்கக் கிடைக்கும் இடமும் அதுதான். உடம்பைப் பந்தாகச் சுருட்டினால் சுழற்சி வேகமாகும், கைகால் நீட்டினால் மெதுவாகும், இறங்குவதற்குச் சற்று முன் நீட்டிவிட்டால் சுழல்வது அடங்கிக் கால் ஊஞ்சலைத் தேடும். உங்கள் பந்து நசுங்கி நீண்டதே, மனித உடம்பில் அதற்கு இவ்வளவுதான் இடம், அந்த இடத்தை முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

காட்சிகளும் கலைஞர்களும் அவ்வப்போது மாறுவார்கள், இங்கே சொன்னதில் ஏதாவது ஒன்று நீங்கள் போகும் நாளில் இல்லாமலும் போகலாம். அப்படியானால் இருப்பதில் இதே மூன்றைத் தேடுங்கள்: வளைவு, பதுங்கல், உச்சியில் நிற்பது. கோமாளிப் பகுதிகள் எனக்குக் கொஞ்சம் நீளம். மகளுக்கு அதுதான் பிடித்தது, அதனால் என் பேச்சை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, வரைந்த படம் பெரிதாக ஓடும்போது கோடுகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் பென்சில் கோட்டை வேறொருவர் செல்லுலாயிடு தாளில் மையால் இழுத்துச் சுத்தம் செய்வார். 1961-இல் வந்த டால்மேஷியன் நாய்களின் படத்தில்தான் ஜெராக்ஸ் முறையில் வரைந்த கோட்டையே நேராக ஏற்றினார்கள். அதிலிருந்துதான் பென்சிலின் சொரசொரப்பு திரைக்கு வந்தது.

முடிந்த பிறகு

உடனே கராஜுக்கு ஓடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். அரை மணி நேரம் தண்ணீர் ஓரமாக நடங்கள். நடக்கும்போது சொல்ல ஒரு கதை: இங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கும் டிஸ்னியின் இன்னொரு பூங்காவில் 1989-இல் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவைத் திறந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே கலைஞர்கள் உட்கார்ந்து வரைய, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பார்கள். ‘முலான்’, ‘லிலோ & ஸ்டிச்’, ‘பிரதர் பேர்’ எல்லாம் பெரும்பாலும் அங்கே வரைந்தவை. கணினிப் படங்கள் வந்து கையால் வரைவது லாபமில்லை என்றானதும் 2004-இல் அதை மூடிவிட்டார்கள். முடிக்காத தாள்களோடு ஒரு மேஜை என்ற கதையை இந்த ஊரில் வைத்துச் சொல்வது எனக்கு அதனால்தான் இன்னும் கொஞ்சம் உறைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஃபிளிப் புக்கை மறுபடி எடுங்கள், இந்த முறை பந்துக்குப் பதில் ஊஞ்சலில் இருந்து பறக்கும் ஆள். குச்சி மனிதன் போதும். மகள் அடுத்த நாள் காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள், உச்சியில் மட்டும் ஒன்பது தாள் செலவழித்தாள். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. “நீ அவளை ரொம்ப நேரம் மேலயே வச்சிருக்க, பாவம், சீக்கிரம் எறக்கி விடு” என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டும் போய்விட்டாள்.